மூன்றாவது முறை கூப்பிடாதவர்

நான் வேலை பார்க்கிற பஸ் டிப்போவின் கேன்டீனில், ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் காலி நாற்காலி என்று சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். டீக் கோப்பையோடு இடம் தேடி நின்றேன். மூலை மேசையில் நரைத்த தலையுடைய ஒருவர் தனியாக ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அங்கே போய் உட்காரலாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்கே யாரும் இல்லையே. தனியாக எதற்கு, எங்களோடு உட்கார்," என்றார். என்னுடையது எட்டாம் வகுப்பு இங்கிலீஷ். நான்தான் தப்பாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்தேன். பிறகு கவனித்துப் பார்த்தேன். டீ கொடுக்கிற அம்மாள் அவருக்குக் கோப்பையை நீட்டும்போது சுவரைப் பார்ப்பாள். வாசலில் அவர் எதிரே வந்தால் யாரும் ஒதுங்குவதில்லை. அவர்தான் சுவரோடு ஒட்டிக்கொள்வார். அவரைப் பார்த்து ஒருவரும் முகம் சுளித்ததில்லை, முறைத்ததில்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த வெள்ளைக்காரர் ஊரில் குளிர்காலத்தில் காலை எட்டு மணி வரை விடியாது. ஆலைப் புகையும் பனியும் சேர்ந்து மஞ்சளாக இறங்கிவிட்டால் நீட்டிய கையே தெரியாது, பகலிலும் விளக்குப் போட்டுத்தான் பஸ் ஓட்டுவார்கள். நான் பஸ் கழுவுகிறவன். அந்த மனிதருக்கும் அதே வேலைதான். நீண்ட கொட்டகையின் மறுகோடியில் ஒற்றையாகக் கழுவுவார். பனிக்குள் அவருடைய கைவிளக்கு மட்டும் நகர்ந்து போகும், வரும். ஒரு நாள் அவர் கடந்து போனதும் ஈரச் சிமெண்டுத் தரையைக் குனிந்து பார்த்தேன். பூட்ஸ் தடம் இருந்தது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அதனால்தான் பார்த்தேன். தடத்தைக் கண்ட பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

எங்கள் குடும்பம் அபிராமத்துப் பக்கத்துக் கூலிக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷம் அய்யாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு வாலிநோக்கம் உப்பளத்துக்கு வந்துவிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வார வேண்டும். விடிவதற்கு முந்திய மங்கலில் பாத்திகளெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கும், தரை எங்கே முடிகிறது கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த நேரத்தில் அங்கே ஒருவரை ஒருவர் மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்றாவது குரல் கேட்ட பிறகுதான் பதில் கொடுக்க வேண்டும். மனிதரல்லாத எதுவும் இரண்டு முறைக்கு மேல் கூப்பிடாதாம். அய்யா ஒரு நாள் முதல் குரலுக்கே "வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வெயில் வந்தபோது வரப்பில் கிடந்தார். நெஞ்சுவலி என்றார்கள். அன்றைக்கு அவரைக் கூப்பிட்டதாக உப்பளத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அம்மா பட்டப்பகலில் சோறு தின்னக் கூப்பிட்டாலும், "முனியா, முனியா, ஏலே முனியா" என்று மூன்று முறைதான். நான் பள்ளிக்கூடத்தை விட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்பில் ஹோட்டல் வேலை, பிறகு கப்பலில் கரி அள்ளும் வேலை என்று சுற்றி, கடைசியில் இந்த நூற்பாலை ஊருக்கு வந்து சேர்ந்தேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. இங்கேதான் கொஞ்சம் தரித்தது.

அந்த நவம்பரில் பனி மூடிக் கிடந்த ஒரு காலை. இரண்டு பஸ்களுக்கு நடுவே நின்று சக்கரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "சாம்" என்று ஒரு குரல். இங்கே என் பேர் அதுதான். முனியசாமியில் வாலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நிமிர்ந்தேன். மறுபடியும், "சாம்." துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுப்பது போன்ற குரல், அதுவரை கேட்டறியாதது. நான் திரும்பவில்லை. மூன்றாவது குரலுக்காக நின்றேன். அது வரவில்லை. பூட்ஸ் சத்தம் கொட்டகையின் மறுகோடிப் பக்கம் மெல்லத் தள்ளிப் போனது. பனி விலகியபோது பக்கத்து பஸ்ஸின் படியில், நான் முந்தின நாள் தொலைத்த கையுறை துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது.

டிப்போவின் யூனியன் தலைவர் ஃபிராங்க் அப்போது தண்ணீர்க் குழாயடியில் நின்று கேட்டிருக்கிறார். டீ நேரத்தில் வந்து என் தோளில் தட்டினார். "உனக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. நீயாகவே தெரிந்து நடந்துகொண்டாய். நல்ல ஆள்!" என்று சொல்லி, என் டீக்கு அவரே சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். எதற்கு என்று தெரியாமலே தாங்க்யூ சொன்னேன்.

என்னோடு ஒரே அறையில் இருந்தவர் கீழக்கரை காசிம் பாய். அதே டிப்போவில் கண்டக்டர், எனக்கு முன்னாலேயே வந்தவர். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

"பாய், கேன்டீன் மூலைல இருக்காரே, அவரு யாரு?"

"ஆர்தரா? அந்தாளுகிட்ட பேசிட்டியா?"

"பேசல. ரெண்டு தடவ கூப்பிட்டாரு. மூணாவது தடவ கூப்பிடட்டும்னு நின்னேன்."

காசிம் பாய் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அட நாசமாப் போறவனே. அந்தாளு மவுத்தாகல முனியா, உசுரோட இருக்க மனுசன். முப்பது வருசத்துக்கு முந்தி இங்கன பெரிய ஸ்ட்ரைக்காம். அம்புட்டுப் பேரும் வெளிய நிக்கிறப்ப இவன் ஒரு பஸ்ஸ எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அன்னைலருந்து ஒருத்தனும் பேசுறதில்ல. அந்தக் காலத்து ஆளுக முக்காவாசி கபுருக்குப் போயிட்டாக. புதுசா வாரவனும் பேசுறதில்ல."

"எதுக்காம் எடுத்துட்டுப் போனாரு?"

"யாரு கேட்டா? கேக்கணும்னா பேசணும்ல?"

"அப்ப நான் திரும்பாம நின்னது..."

"நீயும் சேந்துக்கிட்டேன்னு நெனச்சிருப்பான். ஒனக்கென்ன, யூனியன்ல பேரு வாங்கிட்ட. மாசி வாக்குல ரிட்டயராகப் போறான். அதுக்குள்ள போயி குசலம் விசாரிச்சு வச்சுராத. பேசுனவனுக்கும் அதே கதிதான். அப்புறம் நான்கூட ஒன்னோட பேச மாட்டேன், பாத்துக்க."

கடைசி வார்த்தையை விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

தள்ளி வைப்பது எனக்குப் புதிதில்லை. அபிராமத்துப் பக்கத்திலும் கூட்டம் கூடித் தீர்ப்புச் சொல்லி, தமுக்கடித்து ஒருவனைத் தள்ளி வைத்தால் அவனுக்கு அடுப்பு நெருப்பும் கிணற்றுத் தண்ணீரும் கிடையாது. கொடுமைதான். ஆனால் தெண்டம் கட்டிச் சபையில் விழுந்து எழுந்தால் அன்றைக்கே முடிந்துவிடும், மறுநாள் அவனும் இன்னொருவனைத் தள்ளி வைக்கிற கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான். இங்கே தமுக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, முடிவும் இல்லை. நிறுத்தச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லாததால் அது தானாகவே நடந்துகொண்டிருந்தது. அதில் தெரியாமல் நானும் ஒரு கை கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் வேலையை விட்டுப் போவதற்குள் அவருடைய கூப்பிடலுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குரல் என் முதுகிலேயே நிற்கும் என்று தோன்றியது. பதில் சொன்னால் இந்த ஊரில் எனக்கிருந்த நாலு பேர் பேச்சும் போய்விடும் என்பதும் தெரிந்தது.

அதற்குள் புது ஸ்ட்ரைக் ஒன்று கிளம்பிவிட்டது. பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கிற தொகையைக் கூட்டப் போவதாக, பஸ்களை நடத்துகிற நகரசபை சொல்லிவிட்டது. கேன்டீனில் தினமும் இதே பேச்சு. "என் தம்பி ஆலையில் தறி ஓட்டுகிறான். அவனுக்குப் பென்ஷனே கிடையாது. அவன் கட்டுகிற வரியில் நாம் பென்ஷன் வாங்குவது நியாயமா என்று கேட்கிறான்," என்றார் ஒரு டிரைவர். "உன் தம்பி ஏறுகிற பஸ்ஸை யார் ஓட்டுகிறார்கள்? அவனுக்கும் வேண்டுமானால் அவனும் கேட்கட்டும், நாம் கூடப் போய் நிற்போம்," என்றார் ஃபிராங்க். கேட்கக் கேட்க எனக்கு அதிசயமாக இருந்தது. நம்மூரில் தீர்வை வசூலிக்க வருகிறார்கள் என்றால் ஆட்டை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்குள் ஒளிவார்கள். கொடுத்த வரி எங்கே போகிறது என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. இவர்கள் வரியைத் தங்கள் வீட்டு மாட்டைப் போலப் பேசினார்கள். யார் புல் போட்டது, பால் யாருக்கு என்று. காசிம் பாய் என் காதருகே குனிந்தார். "வெள்ளக்காரன் காலத்துல உப்புக்கு வரி கட்டுனமே, அதுல இவுக அப்பன் பாட்டன் எத்தன பேரு பென்ஷன் வாங்குனானோ. நம்ம பங்கு எங்கன்னு கேளேன்."

பேச்சு வளர்ந்து கடைசியில் ஃபிராங்க் மேசையைத் தட்டினார். "நம்மில் முதலில் ரிட்டயராகப் போகிறவர் இந்த பில்தான். அவருக்கே இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது. இது நமக்காக மட்டும் செய்வதில்லை." எல்லோரும் கைதட்டினார்கள். மாசியில் ரிட்டயராகப் போகிறவர் மூலையில் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒற்றித் தின்றுகொண்டிருந்தார்.

ஸ்ட்ரைக் அன்று காலை நல்ல பனி. டிப்போ வாசலில் தகர டிரம்மில் நெருப்பு மூட்டி எல்லோரும் சுற்றி நின்றோம். அதுவரை, சாகும்வரை இங்கே கிடக்கப் போவதில்லை, எனக்கெதற்குப் பென்ஷன், உள்ளே போய்விடலாமா என்று நானும் யோசித்தவன்தான். மூலை மேசையை நினைத்தே வெளியே நின்றேன். ஆர்தர் வருவாரா, வந்தால் இந்த முறையும் உள்ளே போவாரா என்று யாரும் பேசவில்லை. ஆனால் எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தார். வேலை உடுப்பில்லை, கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். உள்ளே போகவில்லை. வாசலின் மறுபக்கம், நெருப்பின் சூடு எட்டாத இடத்தில், எங்களைப் போலவே தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். ஸ்ட்ரைக்கில் நிற்க வந்திருந்தார். நெருப்பைச் சுற்றி ஒருவரும் அசையவில்லை. ஃபிராங்க் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நான் ஒரு தகரக் குவளையில் டீ ஊற்றிக்கொண்டு வாசலைக் கடந்தேன். "ஏலே, வேணாம்டா," என்று காசிம் பாய் குரல் பின்னால் வந்தது. ஆர்தருக்கு முதுகுப்புறமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். "ஆர்தர்," என்றேன். திரும்பவில்லை. "ஆர்தர்." கோட்டின் காலர்கூட அசையவில்லை. அவருக்கு என் ஊர் வழக்கம் தெரியுமா என்று ஒரு கணம் தோன்றியது. மூன்றாவது முறை, வாசல் முழுதும் கேட்கும்படி, "ஆர்தர்!" என்றேன். அவர் தெருவைப் பார்த்தபடியே நின்றார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. அவருடைய பேர் அவரைக் கூப்பிடத்தான் என்பது மறந்து போயிருந்தது. குவளையை அவர் பக்கத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல, விழுந்துவிடாமல் அதை உள்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

நெருப்பருகில் எனக்குரிய இடம் மூடியிருந்தது. இவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது யாரோ சிரித்தார். "விடுங்கப்பா, அவனுக்கென்ன தெரியும்? அவன் நம்ம ஆள் இல்லையே," என்றார். ஃபிராங்க் தலையசைத்தார், தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார். மறுநாளும் பேசினார்கள், சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள். தள்ளி வைப்பதற்குக்கூட உள்ளே ஓர் இடம் வேண்டும். அது எனக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஸ்ட்ரைக் பாதி வெற்றியில் முடிந்தது. கூட்டுவதாகச் சொன்னதில் பாதியைக் குறைத்தார்கள். மாசியில் ஒரு நாள் மூலை மேசையில் நிஜமாகவே யாரும் இல்லை. கேன்டீனில் எதுவும் மாறவில்லை. புதிதாக வந்த பையன் அந்த நாற்காலியில் உட்காரப் போனபோது மட்டும் டீ கொடுக்கிற அம்மாள், "அதில் ஆள் உண்டு," என்றாள்.

சில வருஷம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். போன மறுநாள் விடியுமுன் எழுந்து உப்பளத்து வரப்பில் நடந்தேன். எல்லாம் வெள்ளையாக, சத்தமில்லாமல் இருந்தது. எங்கேயோ ஒரு பெண் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடப்பட்டவன் ஏன் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். மூச்சிரைக்க அம்மா நின்றிருந்தாள்.

"மூணு தடவ கூப்பிட்டேனே, காதுல விழலையா?" என்றாள்.

விழுந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, தரையில் என் கால் பதிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.