சும்மா வந்த சாமானுக்கு ஒரு விலை

கொட்டகலை பஸாரில் நாகலெட்சுமியின் டெலிபோன் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. வாசலில் மாரியம்மன் படம், உள்ளே கண்ணாடி போட்ட இரண்டு கூண்டு. புருஷன் போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சனம் குவைத்திலிருக்கும் பிள்ளைகளோடு பேச வரிசையில் நிற்கும்.

பில்லைப் பார்த்து முகம் சுளிக்காதவர் இல்லை. டெலிபோன் கம்பி இழுத்தது நீயா, இவ்வளவு கேட்க என்று தோட்டத்து மீனம்மா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"கம்பி கம்பெனிக்காரனோடது அக்கா. நான் கடையத் தொறந்து ஒக்காந்திருக்கேன்ல, அதுக்குத்தான் கூட எடுக்கிறது" என்றாள் நாகலெட்சுமி. மீனம்மா முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுத்தாள்.

மினிட் கணக்குப் பார்க்கவென்று அவள் கம்பியூட்டர் வாங்கியபோது, ஹட்டனிலிருந்து வந்த ஒருவன் அதற்குப் புரோகிராம் விற்றான். எல்லாம் தன் சொந்த வேலை என்று தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியமும் பண்ணினான். தோட்டத்து லயத்து வீடுகளில் களவுச் சந்தேகம் வந்தால் செய்யும் சத்தியம் அது. கொஞ்ச நாளில் திரை ஏதோ நம்பர் கேட்டுப் பூட்டிக்கொண்டது. யாருடைய சாமானையோ திருட்டுப் பிரதி எடுத்து விற்றிருக்கிறான். அம்மன் முன்னாலேயே பொய் சொன்னவன் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

பிறகு வட்டவளை சுமன் வேறு புரோகிராம் போட்டுத்தர வந்தான். கொழும்புக் கம்பெனி கேட்டதில் பாதிகூட அவன் கேட்கவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகம். காப்பை அடகு வைத்துப் பாதி விலை கொடுத்தாள். மீதி வெள்ளிக்கிழமை என்று பேச்சு.

புதுப் புரோகிராம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் காலையில் போட்டதும் திரையில் ஒரு பெங்குயின் வந்து உட்காரும். கனடாவில் கம்பியூட்டர் வேலை பார்க்கும் தம்பியோடு பேச வந்த கேதீஸ்வரி டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"உந்தப் பெங்குயின் சும்மா குடுக்கிற சாமான்ர அடையாளமெல்லோ. என்ர தம்பியும் உதைத்தான் வச்சிருக்கிறான். உதுக்கோ உங்களிட்டக் காசு வாங்கினவர்?"

அன்று முழுவதும் நாகலெட்சுமிக்கு அதே நினைப்பு. சும்மா கிடைத்ததை விற்பது, கோயில் பிரசாதத்தைப் பொட்டலம் கட்டி விற்பது போல இல்லையா? சுமன் கள்ளன் என்று தெரிந்தால் மீதியைக் கொடுப்பதில்லை, பஸாரில் ஒரு கடை விடாமல் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினாள். அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் பிழைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காசு கேட்டு வந்தவனைக் கையோடு கோயிலுக்குக் கூட்டிப் போனாள். தட்டில் கற்பூரம் எரிந்தது.

"முழுசும் ஒங்க கைவேலைதான்னு அணைங்க தம்பி."

சுமன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அப்படி அணைக்க மாட்டேன் அக்கா."

டீச்சர் சொன்னது சரிதான் என்று நினைத்தாள்.

"அடியில ஓடுறது யார் யாரோ செஞ்சு ஊருக்கே சும்மா குடுத்தது. அதுக்கு ஒங்ககிட்ட நான் ஒரு சதம் வாங்கல. மினிட் கணக்கு, பில்லு, தமிழ்ல எழுத்து வாறது, இது நான் செஞ்சது. ரேட் மாறினா வந்து மாத்திக் குடுக்கிறதும் நான்தான். அதுக்குத்தான் வெல."

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா எல்லாத்தையுமே சும்மா குடுன்னு கேப்பீங்க. பயந்துட்டேன்."

கற்பூரம் பாதி கரைந்திருந்தது. நாகலெட்சுமி அம்மன் முகத்தைப் பார்த்தாள். முன்னே வந்தவன் கேட்டவுடனே எல்லாவற்றுக்கும் சேர்த்து அணைத்தான். இவன் தன்னுடையது எது, தன்னுடையது அல்லாதது எது என்று பிரித்துச் சொல்கிறான். கம்பி கம்பெனிக்காரனுடையது என்று மீனம்மாவுக்குத் தான் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தது.

"சரி, ஒங்க வேலைக்கு மட்டும் அணைங்க" என்றாள். அவன் அணைத்தான். உள்ளங்கை சிவந்ததைப் பார்த்து அவளே விபூதி எடுத்துப் பூசிவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மீதியைக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் டீச்சர் வந்து விசாரித்தார். "அடியில ஓடுறது சும்மாதான் டீச்சர். மேல உள்ளதுக்குத்தான் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் கூண்டுக்குள் போனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மெஷின் காட்டும் மினிட்டும் அதுவும் ஒன்றாக ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை.