இற்றைப்படுத்தவா?

“காசு வாங்காமல் குடுக்கிற சாமான் பழுதாப்போனால், ஆரைப் பிள்ளை போய்ப் பிடிக்கிறது?”

கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் தட்டச்சும் நகலும் எடுத்துக் கொடுக்கும் சின்னக் கொமினிகேசன் கடை வைத்திருக்கும் அக்கா இப்படிக் கேட்டபோது, “என்னைப் பிடியுங்கோ” என்றேன். சனிக்கிழமைகளில் அவருடைய கடையில் தட்டச்சு வேலை பார்த்துவந்தேன். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். கையெழுத்துக் கேட்கும் இடத்தில் பெருவிரலை மையில் தொடுகிறவர்கள். அந்த வீட்டிலிருந்து கம்பஸுக்குப் போய்க் கணினி படிக்கிறவள் நான். என் சொல்லில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

கடைக் கணினியில் இருந்தது யாரோ நகலெடுத்துப் போட்ட இயங்குதளம். வைரஸ் புகுந்து, வாடிக்கையாளர்களின் கோப்புகளைத் தின்றுவிட்டிருந்தது. புதிதாக வந்திருந்த திறந்த மூல இயங்குதளம் ஒன்றை அதற்குப் பதிலாக நிறுவினேன். அதை யாரும் இலவசமாக எடுக்கலாம், யாரும் திருத்தலாம். முழுவதையும் தமிழில் வைத்தேன். அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதுவரை பொத்தான்களை இடத்தையும் நிறத்தையும் வைத்தே பழகியிருந்தார். அன்று “சேமி”, “அச்சிடு” என்று வாய்விட்டு வாசித்தார்.

“உதுகள் இவ்வளவு நாளும் இதைத்தானோ சொல்லிக்கொண்டு கிடந்தது?”

அன்று எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போது கணினியே கேட்கும், சம்மதம் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு பரீட்சை. சில மாதங்கள் கடைப் பக்கம் போகவில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பம் முடிகிற நாளில் அக்காவின் அழைப்பு வந்தது. “பிள்ளை, விண்ணப்பப் பக்கம் திறக்குதில்லை. சனமெல்லாம் எதிர்க்கடைக்குப் போகுது.”

சைக்கிளில் ஓடினேன். உலாவி மிகப் பழையது என்று அந்தத் தளம் உள்ளே விட மறுத்துக்கொண்டிருந்தது. நான் போட்ட நாளிலிருந்து ஒரு திருத்தம்கூட நிறுவப்பட்டிருக்கவில்லை.

“அப்டேற் செய்யச் சொல்லிக் கேக்கேல்லையே அக்கா?”

“அப்டேற் எண்டு ஒண்டும் கேக்கேல்லை. இற்றைப்படுத்தவா எண்டுதான் கேட்டுது. நானும் வேண்டாம் வேண்டாமெண்டு அமத்தினன்.”

“ஏன்?”

“கயிறு இற்றுப்போகும், சீலை இற்றுப்போகும். நல்லா ஓடுற மெசினை இற்றைப்படுத்தவா எண்டு கேட்டால், ஓமெண்டு குடுக்க நான் என்ன விசரியே?”

மகளின் விண்ணப்பத்தோடு நின்ற ஒருவர், “நியாயம்தானே” என்றார்.

“இற்றை எண்டால் இண்டைக்கு அக்கா. இண்டைய நிலைக்குக் கொண்டுவாறது.”

“அப்ப அதை அப்பிடியே எழுதுறதுக்கென்ன? எழுதினவைக்குக் கை நோகுதோ?”

சுட்டியை என் பக்கம் இழுத்துச் சம்மதம் கொடுத்தேன். சேர்ந்து கிடந்த திருத்தங்கள் ஊர்ந்து ஊர்ந்து இறங்கின. கடை பூட்டும் வரைக்கும் முடியவில்லை. மகளுக்காக வந்தவரும் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை போனபோது திரையில் பழைய ஆங்கிலம் இருந்தது. யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டுப் பழைய இயங்குதளத்துக்கே மாற்றியிருந்தார். பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு அக்கா சொன்னார்: “கோவிக்காதை பிள்ளை. விளங்கினால்தான் பயமாக் கிடக்குது. இங்கிலீசெண்டால் கண்ணை மூடிக்கொண்டு அமத்தலாம்.”

வைரஸ் திரும்பவும் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேண்டாமென்று அமத்தியது, முதல் தடவையாகத் தானே வாசித்து, தானே யோசித்து அவர் எடுத்த முடிவு. அந்த முடிவுதான் அன்றைய வியாபாரத்தைக் கவிழ்த்தது என்று எப்படிச் சொல்வது? மறுபடி அவர் வாய்விட்டு எதையும் வாசித்து நான் கேட்டதில்லை. கடைக்குப் போய்வந்த நாட்களில் எனக்கு மிஞ்சிய வருத்தம் அதுதான்.

அந்த இயங்குதளத்தின் தமிழ்ச் சொற்களைத் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். அவர்களுடைய இணையப் பக்கத்துக்குப் போய், “முக்கியமான திருத்தங்கள் வந்துள்ளன. இப்போது போடலாமா?” என்று மாற்றக் கேட்டேன். இற்றை நல்ல பழந்தமிழ்ச் சொல், அதை ஏன் விட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் நல்லதுதான், வாசிப்பவர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொள்கிறார் என்று பதில் எழுதினேன். மீதமிருந்த பாதுகாப்பு அறிவிப்புகளையும் திருத்த என் பெயரைப் பதிந்திருக்கிறேன். முதல் பத்து அறிவிப்புகளை நேற்று அனுப்பிவிட்டேன்.