அடுப்புமுனை யாருக்கு

முட்டையை எடுத்து, மூடிய இமைமேல் ஒரு கணம் வைத்துப் பார்த்த பிறகுதான் யூச்சின் யாருக்கும் பதில் சொல்வாள். "இந்த வருஷம் எனக்கு எத்தனை குஞ்சு?" என்று கேட்டுக்கொண்டே அவள் வீட்டுக்குள் நுழைபவர்களுக்கு முதலில் தெரிவது அவளுடைய முதுகு. காங் மேடைமேல் முழங்காலிட்டு, பஞ்சுப்போர்வையின் ஒரு மூலையை மட்டும் தூக்கி, உள்ளே கைவிட்டு ஒரு முட்டையை உருவி எடுப்பாள். முதலில் வலது இமை, பிறகு இடது.

"வலது கண்ணு பொய் சொல்லும். அடுப்புப் பக்கமாவே உக்காந்து உக்காந்து, அதுக்கு எல்லாமே இதமாத்தான் தெரியும்."

எங்கள் ஊரில் வாத்து வளர்க்காத வீடு இல்லை. கழுத்து நீண்ட, நாயையே துரத்துகிற பெரிய வெள்ளை வாத்து. பனி உருகியதும் பாதி ஊருக்குக் குஞ்சுகள் வருவது யூச்சினின் காங்கிலிருந்துதான். காங் என்பது அறையின் பாதியை அடைத்து நிற்கும் செங்கல் மேடை. சமையல் அடுப்பின் புகை அதன் வயிற்றுக்குள் புகுந்து, சுற்றி வளைந்து, மறுகோடியில் புகைபோக்கி ஏறும். சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் அதன்மேல்தான். அடுப்பை ஒட்டிய முனை கொதிக்கும். ஜன்னலோரக் கடைமுனைக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் பாதி தீர்ந்திருக்கும்.

பக்கத்து வீட்டு கோங் அண்ணி ஒருமுறை, "நகரத்துல மின்சாரப் பெட்டி விக்கிதாமே, ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு நீ நிம்மதியாத் தூங்கேன்" என்றாள்.

"கரன்ட் போச்சுன்னா? அந்தப் பெட்டியையும் நான்தானே அடைகாக்கணும்!"

யூச்சினுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குட்டையான, அகன்ற உடம்பு. முட்டைகள் காங்கில் இருக்கும் நாட்களில் அவள் வீட்டுச் சட்டங்கள் மாறிவிடும். வெளியிலிருந்து வருகிறவர்கள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டாமல் காங் பக்கம் போக முடியாது. "உன் கோட்டு பசியோட வந்திருக்கு. பக்கத்துல வெச்சா முட்டைல இருக்கிற சூட்டையெல்லாம் தின்னுடும்" என்பாள். போர்வைமேல் யாராவது கத்தரிக்கோலை வைத்துவிட்டால், இரும்பை இங்கே யார் போட்டது என்று வீடே அதிரும். கணவன் பாவ்தியான் காலை மடக்கிக்கொண்டு நடுவில் படுப்பான். "இந்த வீட்ல முட்டை தூங்கினது போக மிச்ச இடம்தான் எனக்கு" என்று அவன் எங்களிடம் சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

போன வசந்தத்தில் அவள் மாமனார் மூட்டையோடு வந்து இறங்கினார். பட்டணத்தில் மூத்த மகன் வீட்டில் ஏதோ வாய்த்தகராறு. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்துவிட்டார். அந்தக் கதவை இனி அவர் தட்டமாட்டார். எங்கள் பக்கத்தில் அடுப்புமுனை பெரியவர்களின் இடம். கிழவர் காலணியைக் கழற்றுவதற்குள் யூச்சின் அங்கிருந்த முட்டைத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைமுனைக்கு நகர்த்திவிட்டாள். 

வெவ்வேறு நாளில் வைத்த இரண்டு ஈடு முட்டைகள் இருந்தன. மூத்த ஈட்டுக்குள் குஞ்சு திரண்டு, தானே சூடு விடத் தொடங்கியிருந்தது. அதற்கு நெருப்பு அவ்வளவாக வேண்டாம். இளைய ஈட்டில், டார்ச்சைப் பிடித்துப் பார்த்தால், ரத்த நரம்புகள் அப்போதுதான் சிலந்திவலைபோல ஓடியிருந்தன. அதற்குச் சொந்தச் சூடு கிடையாது. இளையதை நடுவில் வைத்து, மூத்ததைச் சுற்றிலும் நெருக்கி அடுக்கினாள். வெயில் நாளாக இருந்திருந்தால் அதுவே போதும்.

மறுநாள் வடகாற்று திரும்பிவிட்டது. துளிர்விட்ட பாப்லர் மரங்களின்மேல் மறுபடி பனி விழுந்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே உறைபனி பிடித்தது. இளைய ஈடு விறைத்துப்போனால் அந்த வருடக் குஞ்சில் பாதி அவ்வளவுதான். ஊரில் வாத்துகள் முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டிருந்தன. கிழவரை நகரச் சொன்னாலோ, மாமனாரைவிட வாத்து பெரிசாகப் போய்விட்டது என்ற பேச்சு ஊரெல்லாம் சுற்றும். அவரும் மூட்டையைக் கட்டுவார். போக அவருக்கு இடம் ஏது?

யூச்சின் அடுப்பில் மக்காச்சோளத் தட்டையைத் திணித்தாள். கடைமுனை இதமாகும்வரை எரித்தாள். ஆனால் சூடு கிழவரைத் தாண்டித்தானே கடைமுனைக்குப் போக வேண்டும்?

"ஏம்மா, என்னை வேகவெக்கப் பாக்கறியா?"

"வெளியில குளிர் ஜாஸ்தியா இருக்குப்பா."

"அதுக்கு? நான் என்ன ரொட்டியா? ஒரு பக்கம் வெந்தாச்சு, திருப்பிப் போடவா?"

அவருக்கு அடியில் இன்னொரு பாயை விரித்தாள். சாயங்காலம் இன்னொன்று. பாய் அடுக்கின்மேல் கிழவர் பனியனோடு உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோலத்தை என்னோடு வந்து பார்த்த கோங் அண்ணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"யூச்சின், இங்க ஒருத்தருக்கு வேர்க்குது, அங்க முட்டைக்கு நடுங்குது. ரெண்டையும் இடம் மாத்திப் போடேன்!"

"இது பெரியவங்க இடம்" என்றார் கிழவர். "வாத்துக்கு எப்போலேர்ந்து பெரியதனம் வந்துச்சு?"

"யாரும் உங்களை நகரச் சொல்லலப்பா" என்ற யூச்சின், அண்ணியைப் பார்த்த பார்வையில் அவள் கோட்டை எடுத்துக்கொண்டு என்னோடு வெளியே வந்துவிட்டாள்.

முற்றத்தில் பாவ்தியான் தட்டையை வெட்டிக்கொண்டிருந்தான். பின்னாலேயே வந்த மனைவியிடம், "நான் அப்பாகிட்ட நைசாச் சொல்லிப் பாக்கட்டுமா?" என்று கேட்டான்.

"சொன்னா நகருவார். நகர்ந்த கையோட கிளம்பிடுவார். நீ வாய மூடிக்கிட்டு இன்னும் ரெண்டு கட்டு வெட்டு."

குளுக்கோஸ் ஏற்றி முடித்த கண்ணாடிப் பாட்டில்களை மருத்துவமனையிலிருந்து வாங்கி வைத்திருப்பாள். அவற்றில் வெந்நீர் நிரப்பி, கணவனின் கம்பளிக் காலுறைகளுக்குள் நுழைத்து, முட்டைகளுக்கு நடுவே செருகினாள். கண்ணாடி நேராகப் பட்டால் முட்டை வெந்துவிடும், காலுறை இருந்தால் சூடு பையப்பைய இறங்கும். "அப்போ என் காலுக்கு?" என்றான் பாவ்தியான். "உன் காலுக்குள்ள குஞ்சா இருக்கு?" என்றாள் அவள். தட்டின் ஓரத்தில் இருந்த முட்டைகளுக்கு அதுவும் எட்டவில்லை. அவற்றை எடுத்துப் பஞ்சுச் சட்டைக்குள், இடுப்புக் கச்சைக்கு மேலே, வரிசையாக வைத்துக் கட்டிக்கொண்டாள். அப்படியே நிமிர்ந்த முதுகோடு மாவு பிசைந்தாள், புளித்த முட்டைக்கோஸை நறுக்கினாள், மாமனாருக்குச் சூப் ஊற்றினாள். கீழே விழுந்த கரண்டியை எடுக்கக்கூடக் குனியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக உட்கார்ந்து எடுத்தாள். கிழவர் சூப்பைக் குடிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை, அன்றிரவு மறுபடி போயிருந்த நான் கவனித்தேன்.

மறுநாள் காலை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது அவள் கை நிறையச் சோளத்தட்டையோடு முற்றத்திலிருந்து வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அடுப்புமுனை காலியாக இருந்தது. பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீராக அடுக்கப்பட்டிருந்தன. கிழவர் கடைமுனையில், உறைபனி ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து, போர்வைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"அங்க மனுசன் இருப்பானா? முதுகு பொரிஞ்சுபோச்சு. இங்கதான் கொஞ்சம் காத்து வருது."

"சரிப்பா."

"நல்ல இடத்தைச் சும்மா போட்டு வெக்காதே. எதையாவது வையி."

"சரிப்பா."

யூச்சின் பாய் அடுக்கின்மேல் கையைப் பரப்பிச் சூடு பார்த்தாள். இளைய ஈட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோனாள். சட்டைக்குள் இருந்தவற்றையும் எடுத்துச் சேர்த்து, மேலே போர்வையை இழுத்து நான்கு பக்கமும் அழுத்தினாள். அதற்குப் பிறகு முந்தின நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் குனிந்து தன் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

கடைமுனையில் மூத்த ஈடு மட்டும் மிச்சம் இருந்தது. காதை வைத்தால் உள்ளே அலகு தட்டும் சத்தம் கேட்கும். அவள் அந்த முட்டைத் தட்டை இரண்டு கையாலும் மெல்ல நகர்த்திக்கொண்டே போய், மாமனாரின் போர்வை ஓரத்தைத் தூக்கி, நீலம் பாரித்திருந்த அவர் பாதங்களை ஒட்டி வைத்து, முட்டைக்கும் காலுக்குமாகச் சேர்த்துப் போர்வையை மூடினாள்.