கால் மடக்கி உட்காரும் நாற்காலி

இந்த ஊரில் தரையில் உட்கார்ந்தால், விழுந்துவிட்டான் என்று தூக்க ஓடி வருகிறார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். பர்மிங்ஹாமுக்கு வந்த முதல் வாரம், கணப்பின் அருகே தரையில் சம்மணம் போட்டு, சன்னலுக்கு வெளியே மூடுபனி நகர்வதைப் பார்த்தபடி பாதித் தூக்கத்தில் இருந்தேன். பனிக்குள் எங்கள் ஊர்ப் பாறசாலை வாழைத்தோட்டம் அசைவதுபோல் ஒரு மயக்கம். வீட்டுக்கார அம்மாள் அலறிக்கொண்டு வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, பாவம், டாக்டருக்கே ஆளனுப்பிவிட்டாள்.

திருவனந்தபுரத்தில் சர்க்கார் மராமத்து இலாகாவில் படம் வரையப் பழகியவன் நான். முதலில் மதகு, பாலம். பிறகு கச்சேரிகளுக்கு, அதாவது சர்க்கார் அலுவலகங்களுக்கு, நாற்காலி. மயிரிழை பிசகாது. அந்தப் பெருமையில்தான் பொருள்களை வடிவமைக்கும் படிப்புக்குக் கப்பலேறினேன். இங்கே ஆசிரியர் என் நாற்காலிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் உட்கார்ந்தால் முதலில் எங்கே வலிக்கும்?" என்று கேட்டார். பிறகு நான் வேலை பார்த்த நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் நாற்காலி அதிகாரிக்கு, நாங்கள் நிற்போம். படம் வரைவதும் நின்றுகொண்டுதான். வீட்டிலோ பாய், பலகை. அத்தனை நாற்காலி வரைந்தவன் ஒன்றில்கூட நிம்மதியாக உட்கார்ந்ததில்லை! "சொந்தமாக ஒன்று செய்து காட்டு. இல்லையென்றால் இங்கே இடமில்லை" என்றார். எந்த முகத்தோடு ஊர் திரும்புவது?

அந்த வாரங்கள் மரத்தூள் மணத்தில் கனவுபோல் கழிந்தன. என் உடம்பு எப்படி அடங்கி உட்காருமோ அப்படியே செய்தேன்: உயரம் குறைவு, அகலம் தாராளம். "கால் எங்கே போகும்?" என்றார் ஆசிரியர். ஏறிச் சம்மணம் போட்டுக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவரும் முயன்றார், முழங்கால் மடங்கவில்லை. "எங்களில் ஒருவராலும் இதில் உட்கார முடியாது. ஆனால் இது உன்னுடையது" என்று இடம் தந்தார். தந்தாரே! சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் கூட்டாளி செல்லப்பன் வந்தான். பாறசாலைக்குப் பக்கத்துக் குன்னத்துகால்காரன். கப்பலில் வேலை, துறைமுகத்தில் இறங்கினால் ரயிலேறி என்னைப் பார்க்க வருவான். நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கொள்ளாமே மக்கா, நல்லா இருக்கே! நீ செய்ததாக்கும்?"

"ஆமா. ஊருக்குக் கொண்டு போவணும். அப்பா இதுல உக்காரட்டும்."

"எலே, உனக்குக் கிறுக்கா? நாற்காலியில கால தூக்கி வச்சா, அங்க எவனாவது சும்மா விடுவானா? உங்க அப்பாவே பிரம்ப எடுப்பாரு."

அவன் சொன்னது சரிதான். அங்கே அது மரியாதைக்கேடு, இங்கே வேடிக்கை. அவன் போனதும் அதில் ஏறிக் கால் மடக்கி உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. இரண்டு ஊரிலும் சேர்த்து, அதில் உட்கார நான் ஒருவன்தான் இருக்கிறேன்.