நிலாவெளிக் கடலும் வட்டவளை மழையும்

நிலாவெளிக் கடலில் கால் வைத்தபோது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. திடுக்கிட்டுப் போனேன். எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீர் எலும்பு வரை குளிரும். இருபத்தாறு வயது வரை நான் குளித்த தண்ணீரெல்லாம் அப்படித்தான்...

கல்யாணமான முதல் வருடம் அது. நானும் என் கணவர் சந்திரனும் ஹட்டனில் வேறு வேறு கடைகளில் வேலை. இரண்டு முதலாளிகளும் ஒரே வாரத்தில் லீவு கொடுத்ததே அதிசயம். முதலில் திருகோணமலையும் நிலாவெளியும், அங்கிருந்து மட்டக்களப்பு, அப்படியே பாசிக்குடா என்று திட்டம்.

"இப்ப நம்ம பக்கம் அடமழை. அங்க நல்ல வெயிலா இருக்கும்," என்று ஆசையாகச் சொல்லித்தான் அழைத்துப் போனார்.

வெயில் அடித்தது உண்மைதான். கோணேஸ்வரம் கோயில் குன்றில் நின்று கீழே பார்த்தால் கடல் அவ்வளவு நீலம். டவுனுக்குள் மான்கள் மாடு மாதிரி திரிந்தன. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொண்டோம்.

ஆனால் எனக்கு நினைப்பெல்லாம் ஊரில்தான். அப்பாவும் தங்கச்சி சுமதியும் லயத்து வரிசை வீட்டில். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக மலை.

முதல் நாள் பேசியபோது, "மழதான்க்கா, புதுசா என்ன," என்று சிரித்தாள் சுமதி. மறுநாள் சாயங்காலம் குரலே மாறியிருந்தது.

"கரண்ட் இல்லக்கா. போன்ல சார்ஜும் கொறஞ்சிருச்சு. மலையிலேர்ந்து தண்ணி செவப்பா எறங்குது..."

அத்தோடு கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கோல் எடுத்தேன். போகவில்லை.

"மழைக்குத் தண்ணி கலங்காதா? சும்மா மனச கொழப்பிக்காத," என்றார் அவர்.

காலையில் நான் எழுந்தபோது அவர் முற்றத்தில் நின்றிருந்தார். முகம் ஒரு மாதிரி. தூக்கம் சரியில்லை என்றார். "வா, கடலுக்குப் போவோம்," என்று என்னை அவசரப்படுத்தினார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தத் தண்ணீருக்குள் இறங்கியதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. அலை வந்து தள்ளும், விழுவேன், எழுந்து சிரிப்பேன். தூரத்தில் கரைவலை இழுக்கிறவர்களின் சத்தம். அவர் மட்டும் இறங்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றார்.

ஈரத்துணியோடு நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினோம். அந்த வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றிருந்தார்.

"என்ன மகள், ஒங்கட பக்கம் மண் சரிஞ்சிட்டாமே? தம்பி விடியவே போன்ல கதைச்சிட்டு நின்டாரு. ஒங்கட வாப்பாவக் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"லயத்துல பக்கத்து வீட்டு ராஜு அண்ணன் கோல் எடுத்தாரு," என்றார். "எல்லாரையும் ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். சுமதி அங்கதான் இருக்கு. மாமா மட்டும் மாட்ட அவுத்துவிட்டுட்டு வர்றேன்னு திரும்பிப் போயிருக்காரு. அதுக்கப்புறம்தான் மண்ணு எறங்கியிருக்கு..."

"இத தெரிஞ்சுக்கிட்டேவா என்னைய கடல்ல ஆட விட்டீங்க?"

"ஊருக்குப் போக கண்டி பஸ்ஸுல சீட் போட்டுட்டேன் மாலா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. பஸ்ல ஏறினதும் சொல்லிருவோம், அதுவரைக்குமாவது நீ நிம்மதியா இருக்கட்டும்னு..."

உள்ளே போய்ப் பார்த்தேன். பை கட்டி ரெடியாக இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் கூடியது.

பஸ்ஸில் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரோட்டோரம் மண் காய்ந்து கிடந்தது. அப்பா கடைசியாக என்னிடம் என்ன பேசினார் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் என் கணவர் மடியில் போனை வைத்துக்கொண்டு, நம்பரை அழுத்துவதும் காதில் வைப்பதும் இறக்குவதுமாக இருந்தார். ராஜு அண்ணனின் போனும் செத்துவிட்டது.

தம்புள்ளை தாண்டிய பிறகு தெரியாத நம்பரிலிருந்து கோல் வந்தது. அவர் எடுக்கப் பயந்து என்னிடம் நீட்டினார்.

"அக்கா..." சுமதி அழுதாள். எனக்கு உயிரே போய்விட்டது. "அக்கா, அப்பா வந்துட்டாரு! மாட்ட இழுத்துக்கிட்டு பெரிய ரோட்டுக்கு எறங்கியிருக்காரு. வழியெல்லாம் மூடிக்கிச்சு, சுத்திக்கிட்டு இப்பதான் வந்து சேந்தாரு."

பின்னாலிருந்து அப்பாவின் அதட்டல் கேட்டது. போனை வாங்கிக்கொண்டார்.

"எதுக்கும்மா பாதியில வர்றீங்க? நான் கல்லு மாதிரி இருக்கேன். அப்பிடியே திரும்பிப் போங்க. மாப்பிளகிட்ட சொல்லு."

சொல்லத் திரும்பினேன். அவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாங்கள் ஊருக்கே போனோம். லயத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரும் சமையலறையும் போய்விட்டன. உயிர்ச்சேதம் இல்லை. அந்த லயத்தில் இப்போது யாரும் இல்லை, புல் முளைத்துக் கிடக்கிறது. அப்பா எங்களோடு ஹட்டனில். கொங்கிரீட் வீட்டுக்குள் மழைச் சத்தம் கேட்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார். சுமதி கல்யாணமாகிக் கந்தப்பளையில். மட்டக்களப்புக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டேவா" என்று அன்றைக்கு நான் கேட்ட கேள்வி அவருக்குள் அப்படியே நின்றுவிட்டது போல. இப்போது லேசாகத் தூறினாலே கடையிலிருந்து போன் வருகிறது. "மாலா, கினிகத்தேனைப் பக்கம் ரோட்டுல மரம் விழுந்திருக்காம். நம்ம ஆளுங்க யாரும் அதுல மாட்டல. சும்மா சொன்னேன்." போன வாரம் மட்டும் இப்படி எத்தனை செய்தி... நல்லது கெட்டது எதையும் மறைப்பதில்லை. நானும் "சரிங்க" என்று கேட்டுக்கொள்கிறேன்.

சில நாள் மட்டும், இதைக் கொஞ்சம் கழித்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றும்.