ஓரம் கருகிய ரோஜா

பாலியஸ்டர் புடவை மேல் இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டால் ஒரு வாசனை எழும். சர்க்கரையையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாகக் கருக்கியது மாதிரி, மூக்கின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் வாசனை. மற்ற வீடுகளில் அதற்கு ஒரு புடவை போயிற்று என்று பொருள். எனக்கு அது ரோஜாவின் வாசனை. இன்றைக்கும் எங்கிருந்தாவது அது வந்தால் என் கைகள் தாமாகக் கத்தரிக்கோலைத் தேடும். பென்னலூரில் நாங்கள் குடியிருந்த சிமென்ட் ஷீட் வீடும், ஜன்னலுக்கு வெளியே ஓயாமல் ஓடிய கன்டெய்னர் லாரிகளும், மெழுகுவர்த்தி மேல் குனிந்திருந்த சித்தியின் மூக்கு நுனியும் ஒரே மூச்சில் திரும்பி வந்துவிடும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தெற்கே தோவாளையில், பூச்சந்தைக்குப் பக்கத்தில் பிறந்தவள். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணனான பெரிய மாமாவுக்கு அங்கே பூக்கடை. விடியும் முன்பே கடையில் உட்கார்ந்து பூக் கட்டி வளர்ந்த சித்தி, அந்த நாரையும் ஈரத்தையும் உதறிவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் நிற்க வந்திருந்தாள். எங்கள் வீட்டில்தான் தங்கல். வந்த இடத்தில் ஒரு வேடிக்கை: உள்ளே போகும் பெண்கள் தலையில் பூ வைத்திருக்கக் கூடாது. ஒரு துளி மகரந்தம் உதிர்ந்தாலும் போன் கெட்டுவிடுமாம். பூக்கடை வீட்டுப் பெண் வெள்ளைத் தொப்பி போட்டு, முடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் நாளெல்லாம் நின்றாள். வீட்டுக்கு வந்தால் விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. தையல்கார அக்கா வீட்டு வெட்டுத் துணியில் பூ செய்ய ஆரம்பித்தாள்.

முதலில் அது பொழுதுபோக்கு. அப்புறம் ஒரு நாள் மாமாவின் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, அந்த ஊர்ல என்ன இருக்கு? பொகையும் லாரியும். ராத்திரி ஷிப்டு வேற. ஊர்ல என்னவெல்லாம் பேசுகானுவ தெரியுமா? ஒரு பூச்செடி உண்டா நீ இருக்கிற வீட்டுல?"

"ஏன் இல்ல? வீடு நெறையப் பூ. எல்லாம் நான் வளத்தது" என்றாள் சித்தி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"அப்படியா? சனிக்கிழமை வாறேன். பூ கெடந்தா நீயும் கெட. இல்லாட்டி எங்கூட ரயிலு ஏறிரணும். ரெண்டு டிக்கெட் எடுத்துதான் வைக்கப் போறேன், கேட்டியா?"

போன் வைக்கப்பட்டது. கம்பெனி பஸ் ஓட்டும் என் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாம்மா வேல பண்ணி வெச்ச? நம்ம வூட்ல கத்தாழகூட செத்துப்பூடும். செவுத்துக்கு அந்தாண்ட வெறும் ஜல்லிதான் கொட்டிக் கீது."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் போனா திரும்பி வரமுடியாதுக்கா" என்று அம்மாவிடம் சொன்னாள். "மறுபடி நாருல கைய வச்சேன்னா அதோட சரி. அங்க எனக்குன்னு ஒரு லாக்கர் இருக்குக்கா. எம் பேரு ஒட்டி."

ஒரு லாக்கருக்காகவா அழுவார்கள் என்று நான் நினைத்தேன். ஆனால் சித்தி இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். அவள் போய்விட்டால் என் முதுகை யார் சொறிவார்கள், கணக்குப் போடும்போது யார் திட்டுவார்கள், யார் பாயில் நான் உருண்டு போய் விழுவது?

கடைக்குப் போய் நல்ல பூ வாங்கி வைத்துவிடலாமே என்றார் அப்பா. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடைப்பூ என்றால் வாசலில் நின்றபடியே அண்ணன் எந்தச் சந்தையில் வந்தது, என்றைக்குப் பறித்தது என்று சொல்லிவிடுவாராம். அப்போதுதான் சித்தியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நெசப் பூவுலதான் அண்ணன் புலி. துணிப்பூவுல அவருக்கு என்ன தெரியும்?" என்றாள். இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூவே தெரிந்தவரைப் பூ அல்லாததால் ஏமாற்றுவது! எனக்கு உடம்பெல்லாம் பட்டாசு வெடித்தது.

அந்த வாரம் எங்கள் வீடு ஒரு தொழிற்சாலை. அம்மாவின் பழைய ரோஸ் நிறப் பாலியஸ்டர் புடவை வட்ட வட்டமாகச் சிதறியது. பெரிய வட்டம், நடு வட்டம், சின்ன வட்டம். சித்தி ஒவ்வொன்றையும் மெழுகுவர்த்திக்கு மேலே பிடிப்பாள். நெருப்பைத் தொட்டால் போச்சு, தூரம் போனால் ஒன்றும் ஆகாது, இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் துணி திடீரென்று உயிர் வந்தது போல் ஓரம் சுருண்டு குழியும். ஐயோ, அந்தக் கணம்! தட்டையான துணி இதழாகும் அந்தக் கணத்துக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன், ஒவ்வொரு முறையும், அலுக்கவே அலுக்காது. காம்புக்குக் கட்டுக்கம்பி. சுற்றிலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஊரில் கட்டுக்கம்பிக்கா பஞ்சம்? பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் பொறுக்கினேன். கம்பியைச் சுற்ற, அப்பா பஸ் ஷெட்டிலிருந்து பச்சை இன்சுலேஷன் டேப் கொண்டுவந்தார். பச்சைத் துணியைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்துக் காய வைத்தால் இலை. சூடேற்றிய சைக்கிள் கம்பியால் கோடு இழுத்தால் இலைக்கு நரம்பு. வெள்ளை லில்லிக்கு நடுவில் நிற்கும் நூலின் நுனியைப் பசையில் தொட்டு, மஞ்சளில் புரட்டிய ரவையில் முக்கினால் மகரந்தம்! உப்புமாவுக்கு வைத்திருந்த ரவை பூவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு விரலில் மஞ்சளாக ஒட்டியதைப் பார்த்து நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அண்ணன், நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர், சுவரைத் தட்டினார்.

என் பதவி க்யூ.சி., கம்பெனியில் தரம் பார்ப்பவர்களுக்கு அதுதான் பேர்; சித்தியே கொடுத்த பதவி. செய்து முடித்த பூக்களை நான் பார்த்து பாஸா ஃபெயிலா என்று சொல்ல வேண்டும். முதல் நாள் நான் பாஸ் சொன்ன ரோஜாக்களை எல்லாம் சித்தி ஃபெயில் பக்கம் தள்ளினாள்.

"ஏன் சித்தி? அழகா இருக்கே!"

"அழகாத்தான் இருக்கு. எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. கம்பெனில ஒண்ணுபோல இருந்தா பாஸ். பூவுல ஒண்ணுபோல இருந்தா ஃபெயில். செடியில எல்லாம் ஒரே அச்சாவா பூக்கு?"

ஆகவே நாங்கள் பூக்களைக் கெடுக்க ஆரம்பித்தோம். ஓர் இதழின் ஓரத்தைச் சித்தி வேண்டுமென்றே பழுப்பாகக் கருக்கினாள். ஒரு ரோஜாவைப் பாதி விரிந்தபடி விட்டாள். ஒன்றைத் தலை தொங்க வைத்தாள். இலையில் புழு தின்ற ஓட்டையை ஊதுபத்தி நுனியால் நான் போட்டேன். ஒரு ஓட்டை, தள்ளி இன்னொரு ஓட்டை, புழு எப்படி நகர்ந்து நகர்ந்து தின்றிருக்கும் என்று யோசித்து யோசித்து. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு செய்த எந்த வேலையிலும் அவ்வளவு கவனம் எனக்கு இருந்ததில்லை. சித்தியின் விரல் நுனிகள் சுட்டுச் சிவந்து, தோல் உரிந்து, தேங்காய் எண்ணெயில் பளபளத்தன. ஷிப்டுக்குப் போய் அந்த விரல்களோடுதான் கையுறை மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை இரவு பார்த்தால், வீடா அது! உயரத் தட்டில் இருந்த டிவி மேல் ரோஜாக் கொத்து, மாதா படத்துக்கு முன்னால் லில்லி, ஊறுகாய் ஜாடியில், உடைந்த கூஜாவில், பவுடர் டப்பாவில், எங்கும் பூ. எல்லாவற்றையும் எட்டாத உயரத்தில் வைத்தோம். ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டோம். வாசனை வராதே என்ற கவலைக்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். மாமா வந்ததும் நெத்திலிக் கருவாடு வறுத்துவிடுவது. கருவாடு வறுக்கிற வீட்டில் எந்த ரோஜா மணத்துவிடப் போகிறது?

சனிக்கிழமை சித்திக்குக் காலை ஷிப்ட். போகும்போது தன் துணிப்பையைக் கட்டி வாசல் ஓரம் வைத்துவிட்டுப் போனாள். பந்தயம் என்றால் பந்தயம்தானே. "பாத்துக்கோடி க்யூ.சி." என்றாள் என்னிடம்.

மாமா தாம்பரத்தில் இறங்கி, படப்பை வழியாக பஸ் பிடித்து, மதியத்துக்கு வந்து சேர்ந்தார். கையில் ஈரத் துணி சுற்றிய வாழை இலைப் பொட்டலம். தங்கச்சிகளுக்கு ஊர்ப் பிச்சிப்பூ. ரயில் சூட்டில் பாவம் அது பாதி வதங்கியிருந்தது. எங்கள் பூக்களோ ஜம்மென்று நின்றன. நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

அவர் வாசலில் நின்று ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்தார். சாப்பிட்டார். கருவாடு நன்றாக இருக்கிறது என்றார். கை கழுவிவிட்டு எழுந்து டிவி பக்கம் நடந்தார். அப்போதுதான் தெரிந்தது, மாமா எவ்வளவு உயரம் என்பதை எங்கள் திட்டத்தில் யாருமே சேர்த்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு எட்டாத ரோஜா அவருடைய மூக்குக்கு நேராக இருந்தது.

"இது எந்தச் செடியில பூத்தது மக்கா?"

அம்மா அடுக்களையில் கரண்டியைக் கீழே போட்டாள். நான் முந்திக்கொண்டேன். "மாடியில மாமா."

மாமா அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே சிமென்ட் ஷீட்.

"பக்கத்து வூட்டு மாடியில" என்றேன்.

"கொள்ளாம்." அவர் ஊர்ப் பேச்சில் நன்றாயிருக்கிறது என்று பொருள். அவர் ஒரு ரோஜாவை உருவி எடுத்தார். கட்டைவிரல் இதழின் அடியில் போய், மெதுவாக, ஒவ்வோர் இதழாக ஏறி இறங்கியது. காம்பில் டேப் முடிகிற இடத்தில் விரல் நின்றது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ரோஜாவை மூக்குக்குக் கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். பிறகு இலையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஓட்டையா கெடக்கே பிள்ளே."

"புழு மாமா."

"புழுவ என்ன செஞ்ச?"

"கொன்னுட்டேன்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். மீசை அசைந்தது. பூவை இருந்த இடத்திலேயே வைத்தார். வைத்தது மட்டுமில்லை, கொத்தைச் சற்று வலப்பக்கம் திருப்பி, தலை தொங்கிய ரோஜாவை முன்னால் கொண்டுவந்து, ஓரம் கருகியதைப் பின்னால் தள்ளி, இரண்டடி விலகி நின்று பார்த்தார். அது எப்படியோ முன்பைவிட அழகாகிவிட்டது. ஜெயித்தாயிற்று! தோவாளைப் பூக்காரரை நாங்கள் ஜெயித்தாயிற்று!

ஷிப்ட் முடிந்து அப்பாவோடு சித்தி வந்தாள். நெற்றியில் தொப்பியின் தடம், தலையில் ஒரு பூகூட இல்லாத இறுகிய கொண்டை. கண் நேராகத் துணிப்பைக்குப் போய், பிறகு அண்ணன் முகத்துக்குப் போனது. மாமா பிச்சிச் சரத்தை நீட்டினார். வாங்க வந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெரலு என்னட்டி இப்படி?"

"அடுப்பு சுட்டுட்டுண்ணே."

"பத்து வெரலையுமா?"

சித்தி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நானோ, இந்த மாமாவுக்குப் பூவைப் பற்றிப் பேச எவ்வளவோ இருக்க, விரலைப் பற்றி என்ன பேச்சு என்று பொறுமை இழந்து நின்றேன். அவர் அந்த விரல்களைப் பூவை வைத்த மாதிரியே மெல்ல விட்டார். கூட வேலை செய்யும் பிள்ளைகள் யார் யார், எந்த ஊர், கம்பெனி பஸ் வாசல் வரை வருமா என்று கேட்டார். வரும், நான்தான் ஓட்டுகிறேன் என்று அப்பா சொன்னதும், "அப்ப சரிதான்" என்றார். காப்பி குடித்தார். புறப்படும்போது வாசலில் இருந்த சித்தியின் துணிப்பையை எடுத்து உள்ளே, சுவர் ஓரமாக வைத்துவிட்டுத் தன் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டார்.

எல்லோரும் பஸ் ஏற்றிவிடப் போனோம். புத்தம்புதுக் கார்களைச் சுமந்த நீள நீள லாரிகள் ரோட்டை அதிரவைத்துப் போய்க்கொண்டிருந்தன. நான் சித்தியின் கையில் தொங்கிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தபடி நடந்தேன். மாமா பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் தலையை வெளியே நீட்டிச் சித்தியிடம் ஏதோ சொன்னார். அதைக் கேட்டு, மாமா கடைசிவரை ஏமாந்துவிட்டார் என்று நான் கை தட்டி ஆர்ப்பரித்தேன். சித்தி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த நடு ரோட்டில், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். ஜெயித்த பிறகும் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. மாமா சொன்னது இவ்வளவுதான்:

"நல்லா வளத்திருக்கட்டி. பூவுக்கு அப்பப்பத் தண்ணி தெளி, கேட்டியா. வாட விட்டுறாத."