தேவானை மேல் வந்த அம்மன்

தி.நகர் தையல்கடைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதில் தேவானையை அடிக்க ஆளில்லை. பதினேழு வயதுதான், கை அப்படி ஓடும். அந்தக் கை எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம் அவள் பேச்சைக் கேட்க மறுத்தது. ஊசியைப் பிடித்தால் விரல்கள் தாமாக நெளிந்தன, தோள் துள்ளியது, முகம் கோணியது. "கை சரியானதும் வாம்மா" என்று கடைக்காரர் நல்லசிவம் அனுப்பிவிட்டார்.

அவள் குடியிருந்த அடையாற்றங்கரைக் குடிசைகளில் அதற்குள் வேறு கதை கிளம்பிவிட்டது. ஆடி மாதம், கன்னிப்பெண், கையும் காலும் ஆடுகிறது. போதாததற்கு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவந்த தடிப்பு. "அம்மனே குங்குமம் பூசி வுட்டுக்கீறா!" என்று பக்கத்து வீட்டுத் தங்கவேல் கற்பூரம் கொளுத்தினான். கொளுத்துகிறவனுக்கு என்ன, மூட்டுவலியில் முனகுகிறவள் தேவானையல்லவா! ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற அம்மா வேலம்மாவையும், சாமிக்கு ஊசி போட்டால் தெருவே விளங்காது என்று பயமுறுத்தி வைத்தார்கள்.

வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக நாள் போயிற்று. தேவானைக்கு நாக்கும் குழறியது. இனி ஊசியே பிடிக்க மாட்டோமோ என்று அழுதாள். "நான் சாமி இல்ல" என்று சொல்லிப் பார்த்தாள். சாமி சோதிக்கிறாள் என்றார்கள். அழுது தீர்ந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தங்கவேல் அவள் காலில் விழுந்தான். "தாயே, இன்னா வேணும், சொல்லு!"

தேவானை நாக்கை இழுத்துப் பிடித்துக் கத்தினாள். "என்னிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போடா! இப்பவே!"

சாமி வாக்கை மீற யாருக்குத் தைரியம்? தங்கவேலே ரிக்‌ஷா பிடித்து வந்தான்.

டாக்டர் நீரஜா கன்னத்தைப் பார்த்தார், முடி கொட்டுகிறதா என்று கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் விளக்கினார்: "இது லூபஸ்னு ஒரு வியாதிம்மா. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பை அடிக்குது. மூளையையும் தொட்டதால கை ஆடுது. மாத்திரைக்கு அடங்கும். நீயா மட்டும் நிறுத்திடாதே."

மாத்திரையில் முகம் பூசணிக்காயாக உப்பியது. உப்பட்டுமே! வாரத்துக்கு வாரம் ஆட்டம் தணிந்தது.

ஐப்பசியில் ஒருநாள் வாசலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையே நுழைந்துவிட்டது. பழைய ரவிக்கைத் துணியில் காஜா ஒன்று வரி பிசகாமல் விழுந்தது. நாளைக்கே கடைக்குப் போகலாம் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது அவளுக்கு.

ஆடாத கையைத் தங்கவேல் பார்த்தான். ஏமாற்றத்தோடு வேலம்மாவிடம் கேட்டான்: "இன்னாக்கா, சாமி மலையேறிட்டாளா?"

"மலையேறிட்டா நைனா" என்றாள் வேலம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எம் பொண்ணு வூட்டுக்கு வந்துட்டா."